தமிழ்த் திருச்சபையில் தலைமை வளர்ந்த வகை

ஒரு சமுதாயம் தன் தலைவரை எப்பெயரால் அழைக்கின்றது என்பதை நோக்கின், தலைமையைப் பற்றி அது கொண்டுள்ள கருத்து ஒருவாறு விளங்கும். தமிழகத்துக் கிறித்தவ சபைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் தலைமைப் பெயர்கள் பல. உபதேசியார், வேதியர், மூப்பர், ஐயர், குருவானவர், போதகர், ஆயர், அத்தியட்சர், பேராயர் என்பன அவற்றுட் சில. இவை ஒரே காலத்தில் தோன்றியன அல்ல. ஒரே பொருளுடையனவும் அல்ல. இப்பெயர்களை அவற்றைத் தாங்கிய மாந்தரின் வரலாற்றோடு சேர்த்துக் காணுங்கால், ஒரு சபையில் நல்ல தலைமை எவ்வாறு வளர்கின்றது, எவ்வாறு குன்றுகின்றது என்னும் வினாவிற்கு விடை கிடைக்கின்றது. அவ்விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சீர்திருத்தச் சபைகளின் வரலாறே இங்குப் பெரிதும் ஆராயப்பெறுகின்றது; கத்தோலிக்க சபைச் செய்திகள் வேண்டுமிடத்து மட்டும் சுட்டப்பெறும்.

ஆராய்ச்சிக்கு எளிதாகுமாறு தலைமையை மூன்று கூறாகப் பகுத்துக்கொள்வோம். மக்களிடையே நாள்தோறும் ஆற்றும் தொண்டு பணி எனப்படும். சபையின் காரியங்களில் முடிவு செய்யும் அதிகாரம் உரிமை எனப்படும். செய்தவற்றிற்கு மக்கள்முன் விடையிறுக்கும் கடமை கணக்கு எனப்படும். இம்மூன்றும் ஒருவரிடத்தே ஒருங்கு அமையும்போது தலைமை நலம் பெறுகின்றது. ஒன்று மற்றொன்றினின்று பிரியும்போது நோயுறுகின்றது. தமிழ்த் திருச்சபையின் வரலாறு இதற்குச் சான்றாக நிற்கின்றது.

பெயர்களும் அவற்றின் பொருளும்

விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் சபைத் தலைவரைக் குறிக்கும் சொற்கள் மூன்று. கண்காணி, மூப்பர், உதவிக்காரர் என்பன அவை. இம்மூன்றும் மக்கள் வழக்கிலிருந்து எடுக்கப்பட்டவை. ஊரில் வயதாலும் அறிவாலும் முதிர்ந்து வழக்குத் தீர்ப்பவரை மூப்பர் என்றல் தமிழர்க்குப் புதிதன்று. கண்காணி என்பது சோழர் கல்வெட்டுகளிலே கோயிற் காரியத்தை மேற்பார்த்தவரைக் குறிக்க வழங்கிய சொல். பிற்காலத்தில் இச்சொல்லின் நிலை மாறிற்று. இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்கள் தோன்றியபோது, கூலிகளைத் திரட்டிச் சென்று அவர்கள்மீது அதிகாரம் செலுத்தியவர் 'கங்காணி' எனப்பட்டார். கடனாலும் கோலாலும் ஆள்பவர் என்னும் பொருள் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'சபைக் கண்காணிப்பாளர்' என்றும் 'திருத்தொண்டர்' என்றும் ஆள்கின்றது. ஒரு சொல், அதைத் தாங்கியோரின் செயலால் உயர்வும் இழிவும் அடைதல் இதனாற் புலனாம்.

கண்காணி என்னும் விவிலியச் சொல் பட்டப்பெயராக நிலைபெறவில்லை. ஆங்கிலத் திருச்சபையார் 'அத்தியட்சர்' என்னும் வடசொல்லையும், கத்தோலிக்கர் 'மேற்றிராணியார்' என்னும் பிறமொழிச் சொல்லின் தமிழ் வடிவத்தையும் வழங்கினர். இவ்விரண்டும் வழக்கொழிய, ஆயர், பேராயர் என்னும் பெயர்கள் இடம்பெற்றன. ஆயர் என்னும் சொல் சங்க இலக்கியத்தில் முல்லை நிலத்து மக்களைக் குறிப்பது. ஆநிரையோடு வெயிலிலும் மழையிலும் உடன் திரிந்து, ஒவ்வொன்றையும் அடையாளம் அறிந்து காப்பவர் ஆயர். சபைத் தலைவர்க்கு இப்பெயரைத் தேர்ந்தது பொருத்தமே. ஆயின், பெயர் மக்களுக்கு அண்மையதாய் இருக்க, அதைத் தாங்குவோர் மக்களுக்குச் சேய்மையராய் இருத்தலும் கூடும். ஆதலின் பெயரோடு நில்லாது வரலாற்றுட் புகவேண்டும்.

உபதேசியாரின் நிலை

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். தமிழ் கற்ற சீகன்பால்கு, ஊர்தோறும் சென்று போதிப்பதற்குத் தம்மொத்த ஐரோப்பியர் போதார் என்பதை விரைவில் உணர்ந்தார். 1716இல் தமிழரைப் பள்ளியாசிரியராகவும் உபதேசியாராகவும் பயிற்றும் பள்ளியொன்று அங்குத் தொடங்கப்பெற்றது. 1719இல் அவர் மறைந்தார். பள்ளியின் கருத்து மறையவில்லை.

அதே நூற்றாண்டின் முற்பகுதியில், கத்தோலிக்கப் பணியாளராகிய வீரமாமுனிவரும் இத்தேவையை உணர்ந்தார் என்பது தமிழ் மாணவர் கருதத்தக்கது. அவர் இயற்றிய 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூல், வேதியர் எனப்பட்ட தமிழ்ப் பணியாளரை நோக்கி எழுதப்பட்டது. தேம்பாவணியின் ஆசிரியராகவே அவரை அறிந்த நாம், தமிழ் உரைநடையின் தொடக்கக் காலத்திலேயே தலைவரைப் பயிற்றுவதற்கென ஒரு நூல் எழுந்தது என்பதை மறத்தலாகாது. ஒரு சபையைத் தாங்குவோர் அதன் உள்ளூர்ப் பணியாளரே என்னும் கருத்தில் இரு சபையாரும் ஒன்றுபட்டனர்.

உபதேசியாரின் பணி யாது? ஞாயிறுதோறும் வழிபாடு நடத்துதல், சிறுவர்க்கு எழுத்தறிவித்தல், நோயாளரைக் காணல், இறந்தோரை அடக்குதல், ஊர்ப் பூசலை ஆற்றுதல் ஆகிய அனைத்தும் அவர்மேல் இருந்தன. தொலைவிலுள்ள ஐயர் எப்போதோ வருவார். உபதேசியார் என்றும் உடனிருந்தார். ஆயினும் திருமுழுக்கு அளித்தல், திருவிருந்து பரிமாறுதல், சபையின் பணத்தைச் செலவிடுதல், தம் இடமாற்றத்தைப் பற்றிப் பேசுதல் ஆகியவற்றில் அவர்க்கு உரிமை இல்லை. பணி முழுவதும் அவருடையது, உரிமை பிறருடையது. இப்பிரிவே தமிழ்த் திருச்சபைத் தலைமையின் முதல் நோய் எனலாம்.

பட்டமும் தயக்கமும்

சீகன்பால்கு கரையிறங்கி இருபத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்னரே ஒரு தமிழர்க்குக் குருப்பட்டம் அளிக்கப்பெற்றது. 1733 திசம்பர் 28ஆம் நாள் தரங்கம்பாடியில் ஆரோன் என்பார் பட்டம் பெற்றார். 1718இல் திருமுழுக்குப் பெற்று, பள்ளியாசிரியராகவும் உபதேசியாராகவும் உழைத்தவர் அவர். சீர்திருத்தச் சபையில் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1741இல் தியோகு என்பார் அடுத்துப் பட்டம் பெற்றார்.

இவ்விடத்தில் இராசநாயக்கன் என்பாரின் வரலாற்றை நினைத்தல் வேண்டும். தஞ்சைப் படையில் பணியாற்றியவர் அவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் நற்செய்தி நூலைப் படித்து, அதன்வழி சபையை நாடி வந்தவர். தஞ்சை நாட்டிலே பல இடர்களுக்கிடையே சபைகளை உருவாக்கியவர். பட்டத்திற்குரியவர் யார் என ஆராயப்பட்டபோது இவர் பெயரும் எண்ணப்பட்டது. ஆயின், தாழ்த்தப்பட்ட குலத்தவர் கையிலிருந்து திருவிருந்து பெற மேற்குலத்தார் இசையார் என்னும் அச்சம் குறுக்கிட்டது. பட்டம் பிறர்க்குச் சென்றது. இராசநாயக்கன் 1771இல் உபதேசியாராகவே உயிர் நீத்தார்.

இந்நிகழ்ச்சியைச் சிலர் காலத்தின் கட்டாயம் என்பர். அது முழு விடையாகாது. ஒருவருடைய தகுதியை அவர் ஆற்றிய பணி கொண்டு அளப்பதாயின், அவர் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். அவரை ஏற்பவரின் மனநிலை கொண்டு அளந்தமையால் அது தவறிற்று. தலைவரைத் தேருங்கால் சபை தன் குறையையே அளவுகோலாகக் கொண்டுவிட்டது. திருவள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்து, வினைக்கு உரியவனை நாடி அவனிடமே வினையை விடுமாறு அறிவுறுத்துகின்றார். அவ்வளவுகோலை நம் சபைகள் எடுத்துக்கொள்ளாமை பெருங்குறையாயிற்று.

தென்பாண்டி நாட்டின் நிலையும் ஒப்பிடத்தக்கது. பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் உள்ளன. முதற்பெயர் குளோரிந்தா என்னும் கைம்பெண்ணுடையது. அந்தணர் குலத்தவராகிய அவர் 1778இல் சுவார்ட்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றவர். 1785இல் அவ்வூரில் எழுந்த ஆலயம் அவர் முயற்சியால் உருவாயிற்று. பட்டமும் பதவியும் இன்றியே, சபையைக் கூட்டியும் பொருள் தேடியும் காத்தவர் அவர். அச்சபைக்குச் சத்தியநாதன் என்னும் உபதேசியார் அனுப்பப்பெற்றார். 1790 திசம்பரில் அவர் குருப்பட்டம் பெற்றார். அவருடைய தமிழ்ப் பேருரையொன்று ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1792இல் இலண்டனில் அச்சேறிற்று. பணியாற்றிய இடத்திலேயே உரிமையும் சேர்ந்தமையால், பின்னாளில் பல்கிப் பெருகிய திருநெல்வேலிச் சபைக்கு அது வித்தாயிற்று.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியசு ஐயர் உபதேசியாரைப் பயிற்றுவதில் தனித்திறம் காட்டினார். அவர்களை உரிய காலங்களில் ஒன்றுகூட்டி, அவரவர் ஊரில் எழுந்த இடர்ப்பாடுகளைக் கேட்டு, அவற்றினின்றே பாடம் புகட்டினார். தொலைவிலுள்ள ஒரு கல்லூரிக்கு ஆளைப் பிரித்தெடுத்துச் செல்லாது, பணியின் நடுவிலேயே கல்வியை வைத்தமை அம்முறையின் சிறப்பு. ஆயின் தம் உபதேசியாருக்கு எம்முறையிற் பட்டம் அளிப்பது என்னும் வினா, அவர்க்கும் அவரை அனுப்பிய சங்கத்தார்க்கும் இடையே முரணாக வளர்ந்தது. ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்கைப் பற்றி அவர் வெளியிட்ட கருத்துகளும் அதனோடு சேர, 1835இல் தொடர்பு அறுந்தது. தமிழ்ப் பணியாளர் உரிமை பெறும் முறை இலண்டன்வரை சென்று முடிவாக வேண்டியிருந்தது. அவர்களை அறிந்த ஊரார்க்கு அதில் இடமில்லை.

கொடையும் ஆட்சியும்

1841 முதல் 1872 வரை அச்சங்கத்தின் செயலாளராய் இருந்த என்றி வென், ஒரு சபை தன் பொருளால் தன்னைத் தாங்கவும், தன்னைத் தானே ஆளவும், தானே பரவவும் வேண்டும் என்னும் கொள்கையை வகுத்தார். கொள்கை நன்று. அதன் நடைமுறையில் ஒரு பிழை நேர்ந்தது. மக்கள் முதிர்ச்சி அடைந்தபின் ஆட்சியை ஒப்படைக்கலாம் எனப் பலர் காத்திருந்தனர். முதிர்ச்சியோ பொறுப்பை ஏற்பதனால் வருவது. நீரில் இறங்காதான் நீந்தக் கற்றல் யாங்ஙனம்? 1896இல் திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனமானபோதும் ஆங்கிலேயரே அதன் தலைவரானார். தமிழர் ஒருவர் அவ்விருக்கையில் அமர்ந்தது 1950களிலேயே.

காத்திராது பொறுப்பேற்றோர் செய்ததை அசரியாவின் வரலாறு காட்டும். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் ஒரு குருவானவரின் மகனாய்ப் பிறந்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர் தம் பொருளைக் கொண்டே வேற்றிடத்திற்குப் பணியாளரை அனுப்புவதைக் கண்டார். அவர்கள் செய்வதைத் திருநெல்வேலியார் ஏன் செய்யவில்லை என்னும் நாணம் அவரைத் தூண்டிற்று. 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் தோன்றியது. பணம் தமிழருடையது, ஆட்சி தமிழருடையது, பணியாளரும் தமிழரே. அவர்கள் சென்ற இடமோ ஐதராபாத்து நாட்டுத் தெலுங்குப் பகுதியாகிய தோர்ணக்கல். 1909இல் அசரியா தாமே குருப்பட்டம் பெற்று அங்குச் சென்றார்.

1910இல் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அங்குப் பேசிய அசரியா, ஐரோப்பியப் பணியாளர் இந்தியருக்காகப் பெருந்தியாகம் செய்ததை நன்றியோடு ஒப்புக்கொண்டார். ஆயினும் அவர்கள் இந்தியரைத் தமக்கு நிகரான நண்பராக ஏற்கத் தயங்குவதை வெளிப்படையாக எடுத்துரைத்தார். அவையிலிருந்தோர் பலர்க்கு அது கசந்தது. எனினும் தலைமை வளர்ச்சியின் நுட்பம் அவ்வுரையில் உள்ளது. உதவி பெறுபவனாக மட்டும் ஒருவனை வைத்திருக்குங்காறும் அவன் தலைவனாக மாட்டான்.

1912 திசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் அத்தியட்சராகத் திருநிலைப்படுத்தப்பெற்றார். ஆங்கிலத் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. மிஷனரிமாருள் சிலரும் இந்தியக் கிறித்தவருள் சிலரும் அதனை எதிர்த்தனர். சென்னை அத்தியட்சர் ஒயிட்டெட்டு அவர்க்குத் துணை நின்றார். 1945 சனவரி முதல் நாள் இறக்குந்துணையும் அசரியா தோர்ணக்கலில் ஆற்றிய பணியுள் சிறந்தது, தாழ்த்தப்பட்ட மாலர், மாதிகர் குலங்களிலிருந்து ஊர் ஆசிரியரையும் குருமாரையும் உருவாக்கியதே. பயிற்சிக்கு வந்தவரின் மனைவியரும் உடன் பயின்றனர். ஏழையாயினும் தன்னால் இயன்றதைச் சபைக்குக் கொடுத்தல் வேண்டும் என அவர் இடையறாது போதித்தார். கொடுப்பவன் கேட்கும் உரிமை பெறுகின்றான். கேட்பவர் உள்ள இடத்தில் தலைவன் விழிப்போடு இருக்கின்றான். இராசநாயக்கனுக்கு மறுக்கப்பட்டது, ஏறத்தாழ இரு நூற்றாண்டு கழித்து, ஒரு தமிழரின் கையால் தெலுங்கு நாட்டிலே வழங்கப்பெற்றது.

கணக்கு

1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் உருவாயிற்று. பேராயர், ஆயர், சபையாரால் தேர்ந்தெடுக்கப்பெறும் உறுப்பினர் ஆகிய மூவகையாரும் கூடி ஆளும் முறை அமைந்தது. பணியும் உரிமையும் ஒருவழிச் சேர்ந்தன. எனின், நோய் தீர்ந்ததோ? தீர்ந்திலது, வேறிடத்திற் குடிபுகுந்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நிலங்களும் சபையின் உடைமையாயின. ஆசிரியர் நியமனமும் நிலக்குத்தகையும் தலைவர் கைக்கு வந்தன. திருமண்டலத் தேர்தல்கள் சில இடங்களில் கட்சிப் போட்டியாய் மாறி, வழக்குமன்றம் ஏறுதலையும் காண்கின்றோம். முன்பு பணியிருந்து உரிமை இல்லாமை குறை. இன்று உரிமையிருந்து கணக்கு இல்லாமை குறை.

இக்குறைக்கு மருந்து தேடுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை ஒருமுறை படித்தல் நன்று. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேரும் விதியைக் கூறுகின்றன. ஓராண்டே பதவிக்காலம். அண்மையில் பதவி வகித்தவர் மூன்றாண்டு கழியுமுன் மீண்டும் வருதல் கூடாது. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும் விலக்கப்பெற்றனர். அச்சபை அந்தணர்க்கே உரியது. நிலமும் வேதக்கல்வியும் உடையார்க்கே திறந்தது. அவ்வகையில் அது இன்று பின்பற்றத்தக்கதன்று. ஆயினும், தலைவனின் நற்குணத்தை நம்பியிருப்பதோடு நில்லாது, குணம் தவறியவிடத்தும் சபை கெடாதவாறு விதி வகுத்த நுண்ணறிவு போற்றத்தக்கது. திருச்சபை என்னும் பெயரில் 'சபை' என்னும் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. அச்சொல்லோடு அவ்விதியும் வாழ்தல் வேண்டும்.

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தில் சபைத் தலைவர்க்குரிய தகுதிகள் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் அருஞ்செயல் ஆற்றும் திறம் ஒன்றும் இல்லை. பொருளாசையின்மை, விருந்தோம்பல், சினமின்மை, தன் இல்லத்தை நன்கு நடத்துதல், புறத்தாரிடமும் நற்பெயர் பெறுதல் என்பனவே உள்ளன. இவையனைத்தும் அயலார் கண்ணால் காணக்கூடியவை. ஊரார் சான்று கூறக்கூடியவை. புதிதாய்ச் சேர்ந்தவனைத் தலைவனாக்கற்க என்னும் எச்சரிக்கையும் அங்கு உண்டு. இதனைக் காட்டி, உரிமை அளிப்பதில் விரைவு கூடாது என்பார் உளர். விரைவு கூடாது என்பது மெய்யே. ஆயின் ஒருவரைச் சோதிக்கும் வழி, சிறிய பொறுப்பை அளித்து அதன் கணக்கைக் கேட்டலும், பின்னர்ப் பெரிதை அளித்தலுமே. ஒன்றும் அளியாது காத்திருத்தல் சோதனை ஆகாது.

பயிற்சியும் மொழியும்

தலைவரைப் பயிற்றுவதில் மொழிக்குள்ள இடத்தையும் கூறுதல் வேண்டும். உயர்நிலை இறையியற் கல்வி நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே இருந்தது. அக்கல்வி பெற்றவர் ஊர்ச் சபைக்குத் திரும்பியபோது, கற்றதை மக்கள்முன் கூறச் சொல்லின்றித் தடுமாறினர். 1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி அமைந்து, தமிழ்வழி இறையியற் பட்டப்படிப்பு வலுப்பெற்றது. தம் மொழியிற் சிந்திக்கும் தலைவரே தம் மக்களின் வினாவைக் கேட்கவல்லார்.

பெண்டிர் நிலையும் இத்தகையதே. குளோரிந்தா முதலாக, 'பைபிள் உமன்' என வழங்கிய எண்ணற்ற பணிப்பெண்டிர் ஈறாக, சபையின் பணியில் அவர் பங்கு பெரிது. தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கிட்டியது 1976இல். பெண்ணொருவர் பேராயரானது 2013இல். பாளையங்கோட்டைப் பதிவேட்டில் முதற்பெயர் எழுதப்பட்டதற்கும் இவ்வாண்டுகளுக்கும் இடையே இரு நூற்றாண்டு உள்ளது. உபதேசியாரைப் பற்றி முற்கூறிய பிரிவே இங்கும் நின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. தலைவர் தம் மக்களிடையே பணியாற்றியே கற்றல் வேண்டும்; இரேனியசின் முறையும் தமிழ்வழிக் கல்வியும் இதனை உணர்த்தும். பணியால் தகுதி காட்டியவர்க்கு உரிமையைக் காலம் தாழ்க்காது வழங்குதல் வேண்டும். இராசநாயக்கனுக்கு நேர்ந்தது இனி ஒருவர்க்கும் நேராதிருத்தல் வேண்டும். உரிமை பெற்றவர் குறித்த காலத்தில் கணக்களித்து, பிறர்க்கு இடம்விட்டு விலகுதல் வேண்டும். இதனை உத்தரமேரூர் உணர்த்தும்.

ஆயர் என்னும் பெயரைத் தமிழ்த் திருச்சபை விரும்பியே ஏற்றது. முல்லை நில ஆயன், மாலையில் மந்தையைத் தொழுவிற் சேர்க்குங்கால், எண்ணிச் சரிபார்த்தே கதவடைப்பான். அவனோடு உடன் திரிந்து, எண்ணவும் கற்ற சிறுவனே மறுநாள் கோலை ஏந்துவான். அப்பெயரின் முழுப்பொருளும் சபைகளில் விளங்குமாயின், அத்தியட்சர் முதலிய பெயர்கள் மறைந்து அது நிலைத்தமைக்குத் தக்க பயன் விளையும்.